எலெனிக்கு ஒரு கோர்ட்: கிரேக்க டென்னிஸ் சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

கிரேக்க டென்னிஸ் சம்மேளனத்தின் தலைவருக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். நான் மதுரைக்காரி. டென்னிஸ் ஆடியதில்லை. மட்டை என்று கையில் பிடித்ததெல்லாம் கொசு மட்டை மட்டும்தான். ஆனாலும் இருபது வருஷத்துக்கும் மேலாக உங்கள் ஊர் டென்னிஸ் வீராங்கனை எலெனி டானீலிடுவின் ஆட்டக் கணக்கை மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டு வருகிறேன். அதைப் பற்றித்தான் இந்த மடல். எனக்குக் கிரேக்கம் தெரியாது, உங்களுக்குத் தமிழ் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் கஷ்டம் சமமாக இருக்கட்டும் என்று என் மொழியிலேயே எழுதுகிறேன். யவனர்கள் மிளகு வாங்க வந்த கதையை இழுத்து உங்களோடு சொந்தம் கொண்டாடப் போவதில்லை. பயப்பட வேண்டாம்.

2003 ஜனவரி. கல்லூரி விடுதியில் இருந்தேன். முப்பது பேருக்கு ஒரே ஒரு டிவி. அன்றைக்கு ரிமோட் எங்கள் கைக்கு வந்ததற்குக் காரணம் லியாண்டர் பயஸ். ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். சிறுவனாக இருந்தபோது சென்னையில் பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சி மையத்தில் தங்கி டென்னிஸ் கற்றவர் என்பதால், கொல்கத்தாக்காரராக இருந்தாலும் லியாண்டரை நாங்கள் பாதி நம்ம ஊர் ஆளாகத்தான் வைத்திருந்தோம். அவரோடு ஜோடி சேர்ந்தவர் மார்ட்டினா நவ்ரத்திலோவா. 46 வயது. எங்கள் விடுதிக் காப்பாளரை விட மூத்தவர் என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

எதிர்ப்பக்கம் ஆஸ்திரேலியாவின் டாட் உட்பிரிட்ஜ். இரட்டையர் ஆட்டத்தில் கரை கண்ட ஆள்; விம்பிள்டன் இரட்டையர் கோப்பையை அதற்குள் ஏழு முறை வாங்கியிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பெண். திரையில் பெயர் வந்தபோது வாசிக்கத் தெரியாமல் தடுமாறினோம். எலெனி டானீலிடு, கிரீஸ். வயது 20.

என் வயது.

அவ்வளவுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை. அந்த ஆட்டத்தில் மற்ற மூன்று பேரும் பெயர் பெற்றவர்கள். ஒருவர் உலகமே அறிந்தவர், ஒருவர் எங்கள் நாட்டுக்காரர், ஒருவர் அந்த மைதானத்தின் செல்லப்பிள்ளை. நான்காவது ஆளாக என் வயதுப் பெண் ஒருத்தி, யாரும் தனக்காகக் கைதட்டாத இடத்தில், மார்ட்டினா நவ்ரத்திலோவாவுக்கு எதிராக சர்வீஸ் போட நின்றாள். நான் மறுநாள் வகுப்பில் செமினார் எடுக்கவே கை நடுங்குகிறவள். கண் அவள் மேல் போய் நின்றுவிட்டது.

6-4, 7-5. லியாண்டரும் மார்ட்டினாவும் ஜெயித்தார்கள். விடுதி ஆடித் தீர்த்தது. நானும்தான். மார்ட்டினாவுக்கு அது சாதாரணக் கோப்பை இல்லை. கிராண்ட் ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளிலும் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் என்று எல்லாவற்றையும் ஒரு முறையாவது வென்றவர்கள் பட்டியலில் சேர அவருக்குப் பாக்கியிருந்த ஒரே இடம் அதுதான். அதோடு கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்ற மிக மூத்த வீராங்கனை என்ற பெயரும் வந்தது. மறுநாள் பத்திரிகைகளில் அந்த வரலாறுதான். தோற்ற ஜோடிக்குக் கடைசிப் பத்தியில் ஒரு வரி.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நிறையப் பேருக்கு நினைவில் இல்லை. அதே இரண்டு வாரத்தில், அதே மெல்பர்னில், ஒற்றையர் நான்காவது சுற்றிலும் எலெனி ஆடினார். எதிரே செரீனா வில்லியம்ஸ். 6-4, 6-1 என்று செரீனா ஜெயித்தார். போய்க் கோப்பையையும் எடுத்தார். அதோடு நான்கு கிராண்ட் ஸ்லாம் கோப்பைகளும் ஒரே நேரத்தில் அவர் கையில் இருந்தன. ஆக, பெண்கள் டென்னிஸில் இரண்டு பெரிய வரலாறுகள் ஒரே பதினைந்து நாளில் எழுதப்பட்டன. இரண்டு முறையும் வலைக்கு அந்தப் பக்கம் நின்றது உங்கள் பெண். இருபது வயதில் ஒருத்திக்கு இப்படி வாய்ப்பது அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

அதற்கு அப்புறம்தான் அவரைத் தேட ஆரம்பித்தேன். தேடுவது என்றால் அந்தக் காலத்தில் என்ன? இண்டர்நெட் சென்டருக்கு மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துப் போகிற வசதி எனக்குக் கிடையாது. ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் படங்களுக்குக் கீழே, எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்தில் டென்னிஸ் முடிவுகள் போடுவார்கள். முதலில் ஊர் பெயர், அப்புறம் ஜெயித்தவர், தோற்றவர், ஸ்கோர். அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்து ஓட்டுவேன். பெயர் இடப்பக்கம் இருந்தால் ஜெயித்திருக்கிறார். வலப்பக்கம் என்றால் இல்லை. சில வாரங்கள் எந்தப் பக்கமும் இருக்காது. அந்த மாதிரி வாரங்களில் உடம்பு சரியில்லையோ, கால் வலியோ என்று ஒரு கவலை. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொன்னதில்லை.

எனக்கு அவரைத் தெரியவந்தபோது அவர் ஏற்கெனவே ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. 2002 ஜூன். நெதர்லாந்தில் ஸ்ஹெர்டோகன்போஸ் என்ற ஊர். (இதை எங்கள் விடுதியில் யாரையாவது வாசிக்கச் சொல்லியிருந்தால் எலெனியின் பெயரே பரவாயில்லை என்றிருப்பார்கள்.) விம்பிள்டனுக்கு முந்தைய வாரம் நடக்கிற புல்தரைப் போட்டி. இறுதி ஆட்டத்தில் எலெனா டெமென்டியேவா. பின்னாளில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். முதல் செட்டை 3-6 என்று விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் 6-2, 6-3 என்று எடுத்தார் எலெனி. 19 வயது. டபிள்யூடிஏ, அதாவது பெண்கள் டென்னிஸ் டூர் நடத்துகிற சங்கம், அதன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கிரேக்கப் பெண்.

இதில் நான் ரசிக்கிற விஷயம் புல். மத்தியதரைக்கடல் நாடுகளில் டென்னிஸ் என்றால் களிமண்தரை, இல்லாவிட்டால் சிமெண்ட் மாதிரிக் கெட்டித்தரை. வெயில் கொளுத்துகிற கிரீட் தீவில் பிறந்த பெண்ணுக்கும் புல்தரைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அவருடைய ஆட்டத்தைப் பாருங்கள். ஒற்றைக் கை பேக்ஹேண்ட். அவர் காலத்துப் பெண்களில் பெரும்பாலோர் இரண்டு கையாலும் பிடித்து அடிக்கிறவர்கள். ஒற்றைக் கைக்காரர்களிடம் ஒரு ஆயுதம் கூடுதலாக இருக்கும்: ஸ்லைஸ். பந்தின் அடிப்பக்கத்தைச் சீவி விட்டால் கெட்டித்தரையில் அது ஒரு அளவுக்காவது எழும்பும். புல்லில் எழும்பாது, வழுக்கிக்கொண்டு கணுக்கால் உயரத்தில் போகும். பின்னாலிருந்து ஓங்கி அடித்தே பழகியவர்கள் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து குனிந்து எடுக்க வேண்டும். ஒரு செட் வரைக்கும் தாங்குவார்கள். மூன்றாவது செட்டில் முட்டி கேட்காது.

ஜெயித்த கையோடு விம்பிள்டன் போனார். நான்காவது சுற்று வரைக்கும். அங்கே ஜெனிஃபர் கப்ரியாட்டி, அந்த வருஷம் ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓபனை வென்றிருந்தவர். அவரிடமிருந்து ஒரு செட்டைப் பறித்துவிட்டுத்தான் எலெனி வெளியேறினார்.

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் டானீலிடிஸ் என்றால் மகள் பெயர் டானீலிடு ஆகிவிடும், 'டானீலிடிஸுடைய' என்ற பொருளில். சக்காரிஸ் மகள் சக்காரி. இதை எங்கோ படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்களுக்கும் அப்பா பெயரின் முதல் எழுத்து இல்லாமல் ஒரு விண்ணப்பப் படிவம் நகராது. அதே மாதிரி அவர் பிறந்த ஊரை எங்கள் பேப்பர்களில் 'சானியா' என்று போட்டு வைத்திருந்தார்கள். சானியா மிர்சா பெயர் பெற்ற பிறகு எனக்கு அதில் பெரிய குழப்பம். ஹனியா என்று சொல்ல வேண்டும் என்பது எத்தனையோ வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

2003 மே மாதம் உலகத் தரவரிசையில் 14-ஆம் இடம். அதுதான் அவர் தொட்ட உச்சம்.

14 என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த வருஷத்தின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். செரீனா, வீனஸ், கிம் கிளைஸ்டர்ஸ், ஜஸ்டின் ஹெனின், லிண்ட்சே டேவன்போர்ட், கப்ரியாட்டி, மொரெஸ்மோ. எல்லோரும் முதலிடம் பார்த்தவர்கள் அல்லது பார்க்கப் போகிறவர்கள். பின்னாலேயே ரஷ்யப் பெண்களின் படை: அடுத்த வருஷம், 2004-இல், மிஸ்கினா, ஷரபோவா, குஸ்னெட்சோவா என்று நான்கில் மூன்று கிராண்ட் ஸ்லாமை அவர்களே பிரித்துக்கொண்டார்கள். அந்த நெரிசலில் 14 வரைக்கும் ஏறினார் என்றால், அவருக்கு முன்னால் ஏறிக் காட்ட உங்கள் நாட்டில் ஆள் கிடையாது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எண்பதுகளில் ஆங்கெலிகி கனெலோபூலூ 43-ஆம் இடம் வரை போயிருந்தார். அவ்வளவுதான். ஆண்களையும் சேர்த்து 1896 வரைக்கும் பின்னால் போனால், ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்ஸின் டென்னிஸ் இறுதியில் தோற்ற காஸ்டாக்லிஸ் பெயர் வரும்.

கால்பந்தும் கூடைப்பந்தும் மூச்சாக இருக்கிற நாடு உங்களுடையது. 2004 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையை நீங்கள் ஜெயித்தபோது நாங்களே இங்கே வாயைப் பிளந்தோம். அடுத்த மாதமே உங்கள் ஊரில் ஒலிம்பிக்ஸ். ஏதென்ஸை ஒட்டிய மரூசியில் புத்தம்புது டென்னிஸ் வளாகம், பெரிய கோர்ட்டுக்கு 8,600 இருக்கைகள். எலெனி அங்கே உங்கள் கொடிக்காக ஆடினார். பதக்கம் வரவில்லை. டென்னிஸில் எங்களுக்கும்தான் வரவில்லை: லியாண்டரும் மகேஷ் பூபதியும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கடைசி செட்டை 14-16 என்று குரோஷிய ஜோடியிடம் இழந்தார்கள். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு இப்போதும் வயிறு எரியும், விடுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அவர் ஆடிய காலம் முழுக்க, உலகத்தின் முதல் வரிசை வீராங்கனைகளோடு அவர் சொந்த மண்ணில் மோதியது அந்த ஒலிம்பிக்ஸில்தான். டபிள்யூடிஏ டூர் அந்த வருஷங்களில் கிரீஸ் பக்கம் வரவே இல்லை. அவர் ஜெயித்த ஐந்து பட்டங்களையும் எங்கே ஜெயித்தார் என்று வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தால் புரியும். முதலாவது நெதர்லாந்து. இரண்டாவது 2003-லும் மூன்றாவது 2004-லும் நியூசிலாந்தின் ஆக்லாந்து. உங்கள் ஊரிலிருந்து அதற்கு மேல் தள்ளிப் போனால் திரும்பி வருகிற வழிதான். நான்காவது 2006-இல் தென் கொரியாவின் சியோல். ஐந்தாவது 2008-இல் டாஸ்மேனியாத் தீவின் ஹோபார்ட். கோப்பையைத் தூக்கிப் பிடிக்கும்போது கிரேக்க மொழியில் கத்துகிறவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏதென்ஸில் தூங்கி எழுந்து பார்க்கிறபோது ஆக்லாந்தில் பரிசளிப்பே முடிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, மதுரையில் பொடி எழுத்தில் படித்த எனக்கும் ஏதென்ஸில் இருந்தவர்களுக்கும் அவருடைய வெற்றிகள் ஒரே தூரத்தில் இருந்தன.

சின்னப் போட்டிகள்தானே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அன்றைய கணக்கில் நெதர்லாந்துப் போட்டி மூன்றாம் அடுக்கு, மற்றவை நான்காம் அடுக்கு. ஜனவரி முதல் வாரங்களில் பெரிய ஆட்கள் வேறு ஊரில் ஆடுவார்கள் அல்லது ஓய்வெடுப்பார்கள். ஆனால் ஒரு வாரத்தில் ஐந்து பேரை அடுத்தடுத்து ஜெயிக்காமல் அங்கேயும் கோப்பை கிடைக்காது. 2003 ஆக்லாந்து இறுதியில் கொரியாவின் சோ யூன்-ஜியாங்குக்கு எதிராக மூன்றாவது செட்டை டை-பிரேக் வரை, அதாவது 6-6 என்று சமமானால் செட்டை முடிவு செய்ய ஆடுகிற ஆட்டம் வரை, இழுத்து எடுத்தார். 2006-இல் அந்தக் கொரியாவுக்கே போய், ஜப்பானின் ஐ சுகியாமாவை மறுபடியும் மூன்றாவது செட் டை-பிரேக்கில்தான் முடித்தார். நடுவில் 2004-இல் ஆஷ்லி ஹார்க்கல்ரோடை 6-3, 6-2 என்று சுலபமாக. பேப்பரில் இந்த ஸ்கோரைப் பார்த்தபோது 'அப்பாடா, இந்தத் தடவை இழுக்கவில்லை' என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. 7-6 என்று பொடி எழுத்தில் பார்க்கும்போது அதற்குப் பின்னால் எவ்வளவு மூச்சு வாங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஹோபார்ட் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இறுதியில் எதிராளி வேரா ஸ்வோனரேவா. அவருக்குக் காயம், ஆடவில்லை. வாக்ஓவர். ஸ்கோர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாமல் எலெனியின் கடைசிப் பட்டம் வந்து சேர்ந்தது. கடைசிப் பட்டம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான். ஐந்து கோப்பைகளில் ஒன்று ஆடாமலே வந்தது என்று யாராவது கழித்துப் பேசினால் நான் சண்டைக்குப் போவேன். இறுதிக்கு முந்தைய ஆட்டங்களை அவர்தானே ஆடினார்? காத்துக்கொண்டு நின்றவருக்குக் கிடைத்தது அது. இதே மாதிரி எத்தனை முறை விதி அவர் பக்கம் வராமல் போயிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அதற்கப்புறம் பெயர் வலப்பக்கம் அடிக்கடி வர ஆரம்பித்தது. முதல் நூறுக்கு வெளியே போனால் இந்த விளையாட்டு எவ்வளவு கொடுமை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராண்ட் ஸ்லாமில் நேரடியாக இடம் இல்லை. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் முதல் சுற்றுக்கே நுழைய முடியும். அதில் தோற்றால் விமானச் செலவும் ஹோட்டல் செலவும் கைக்காசு. ஒரு காலத்தில் 14-ஆம் இடத்தில் இருந்தவர் பக்கத்து கோர்ட்டில் பதினாறு வயதுப் பெண்கள் பயிற்சி எடுக்க, தகுதிச் சுற்று ஆடுவது லேசான காரியம் இல்லை. எலெனி ஆடினார். நாடே கடன் நெருக்கடியில் தத்தளித்த வருஷங்களிலும் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தக் காலகட்டத்தில் பேப்பரிலும் டென்னிஸ் முடிவுகளுக்கான இடம் சுருங்கிவிட்டது. நானும் வேலை, கல்யாணம், குழந்தை என்று ஓட ஆரம்பித்தேன். அவர் எப்போது ஆட்டத்தை நிறுத்தினார் என்று ஒரு நாள் கூட அறிவிப்பாகப் பார்க்கவில்லை. ஒரு நாள் தேடியபோது 'முன்னாள் வீராங்கனை' என்றிருந்தது.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன்.

இன்றைக்குக் கிரேக்க டென்னிஸ் என்றால் எல்லோருக்கும் இரண்டு பெயர்கள். ஸ்டெஃபனோஸ் சிட்சிபாஸ், மரியா சக்காரி. இரண்டு பேரும் உலகத் தரவரிசையில் 3-ஆம் இடம் வரை போனவர்கள். சக்காரி 2021-இல் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் இரண்டிலும் அரையிறுதி. அவர் அந்தக் கனெலோபூலூவின் மகள் என்பது எனக்குத் தெரிந்த நாளில், ஏதோ என் சொந்தக்காரப் பெண் மாதிரி சந்தோஷப்பட்டேன். சிட்சிபாஸும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு வேறு ஒருவர் ஞாபகம் வருகிறது.

அவர்களைக் குறைத்துச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. என் சண்டை 'முதல்' என்ற சொல்லோடு. வர்ணனையாளர்கள் சக்காரி கோர்ட்டுக்குள் வரும்போதெல்லாம் முதல், முதல் என்கிறார்கள். முதல் பத்து இடத்துக்குள் வந்த முதல் கிரேக்கப் பெண்: சரி, உண்மை. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் அரையிறுதி கண்ட முதல் கிரேக்கப் பெண்: அதுவும் உண்மை. ஆனால் கேட்கிறவர்களுக்கு, அதற்கு முன்னால் அந்த நாட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. சக்காரி 2019-இல் ரபாத்தில் தன் முதல் பட்டத்தை வென்றார். அதற்கு முன்னால் ஒரு கிரேக்கப் பெண் வென்ற கடைசிப் பட்டம் எது? ஹோபார்ட், 2008. நடுவில் பதினொரு வருஷம் ஒன்றுமில்லை.

எலெனியின் சிக்கல் என்னவென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உலகம் எங்கே கோடு போட்டு எண்ணுகிறதோ, அதற்குச் சரியாக ஒரு படி கீழே அவர் நின்றிருக்கிறார். பத்து வரை எண்ணுவார்கள்; அவர் 14. கிராண்ட் ஸ்லாமில் காலிறுதியிலிருந்து எண்ணுவார்கள். அவர் விம்பிள்டனிலும் மெல்பர்னிலும் 2004-இல் நியூயார்க்கிலும் நான்காவது சுற்று. இறுதியில் ஜெயித்தவரை எழுதுவார்கள். அவர் ஆடிய ஒரே கிராண்ட் ஸ்லாம் இறுதியில் எதிரே நின்றது லியாண்டரும் மார்ட்டினாவும். கோட்டைப் போட்டவர்கள் யாரும் அவர் மேல் கோபத்தில் போடவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். சுற்றுலாப் பயணிகளுக்கான கிரீட் பட்டியலில் ஹனியாவின் பழைய துறைமுகம் இருக்கும், கலங்கரை விளக்கம் இருக்கும். அந்த ஊரில் பிறந்து ஐந்து முறை வெளிநாடு போய்க் கோப்பை வாங்கிய பெண் இருக்க மாட்டார்.

2025 நவம்பரில் ஏதென்ஸில் ஆண்கள் டூர் போட்டி நடந்தது. முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து ஏடிபி உங்கள் ஊருக்குத் திரும்பி வந்தது; ஜோகோவிச் இறுதியில் முசெட்டியை ஜெயித்து 101-ஆவது பட்டத்தை அங்கேயே எடுத்தார். அரங்கம் நிறைந்து வழிந்ததைப் பார்த்தேன். சந்தோஷம். எங்கள் சென்னையிலும் கதை இப்படித்தான். ஆண்கள் போட்டி இருபது வருஷத்துக்கு மேல் நடந்து, நின்று, புனே போன பிறகு 2022-இல்தான் பெண்கள் போட்டி வந்தது. அதற்குள் எத்தனை பேர் ஆடி ஓய்ந்துவிட்டார்கள். அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் கேட்பது மூன்றே காரியம். பெரிய செலவு எதுவும் கிடையாது.

மரூசி ஒலிம்பிக் வளாகத்தில் டென்னிஸ் கோர்ட்டுகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு எலெனியின் பெயரை வையுங்கள். பெரிய கோர்ட்டுக்கு வைக்கச் சொல்லவில்லை. அதற்கு நாளைக்கு சக்காரி பெயரோ சிட்சிபாஸ் பெயரோ வரும், வரட்டும். குழந்தைகள் சனி, ஞாயிறு காலையில் பயிற்சிக்கு வருகிற கோர்ட் ஒன்று போதும். வளாகம் எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. மரூசியில் முடியாவிட்டால் கிரீட்டில் செய்யுங்கள். அந்தத் தீவின் ஹெராக்லியனில் ஐடிஎஃப், அதாவது சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின், சின்னச் சின்னப் போட்டிகள் நடக்கின்றன. தரவரிசையில் 700, 800-இல் இருக்கிற பெண்கள் உலகம் முழுக்க இருந்து அங்கே வந்து ஒரு புள்ளிக்கும் இரண்டு புள்ளிக்கும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தத் தீவில் பிறந்தவர் அதே புள்ளிகளைச் சேர்த்துத்தான் 14 வரை போனார் என்று அவர்கள் பையை வைக்கிற இடத்தில் ஒரு பலகை இருந்தால் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஏதென்ஸில் பெண்கள் டூர் போட்டி நடக்கும்போது கோப்பையைக் கொடுக்க அவரைக் கூப்பிடுங்கள். ஸ்பான்சர் கம்பெனி அதிகாரியும் அமைச்சரும் பக்கத்தில் நின்றுகொள்ளட்டும், பரவாயில்லை. சொந்த ஊரில் கோப்பை வாங்க அவருக்கு வாய்ப்பே இருந்ததில்லை. கொடுக்கவாவது கிடைக்கட்டும்.

மூன்றாவது சின்னது. சக்காரியைப் பற்றிப் பத்திரிகைக்குக் குறிப்பு அனுப்பும்போது, 'முதல்' என்று எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே 'எலெனி டானீலிடுவின் ஐந்து பட்டங்களுக்குப் பிறகு' என்று ஒரு அரை வரி சேருங்கள். நீங்கள் எழுதி அனுப்புவதைத்தான் வர்ணனையாளர்கள் வாசிக்கிறார்கள். மூன்று வாரத்தில் பழகிவிடும்.

இதைப் படிக்க உங்களில் யாருக்காவது தமிழ் தெரிந்த ஆள் கிடைத்தால், அவரிடம் ஒரு விஷயம் மட்டும் எலெனிக்குச் சொல்லச் சொல்லுங்கள். 2003 ஜனவரியில் ஒரு விடுதி டிவி அறையில் முப்பது பெண்கள் அவருக்கு எதிராகக் கத்தினார்கள். அதில் ஒருத்தி இரண்டாவது செட்டில், 5-5 வரை வந்தபோது, கொஞ்ச நேரம் கத்துவதை நிறுத்திவிட்டாள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு ரசிகை

பின்குறிப்பு: லியாண்டர் ஜெயித்ததில் எனக்கு இப்போதும் வருத்தம் கிடையாது. அதையும் அவரிடம் சொல்லிவிடலாம்.